சிவப்பின் விலை

கல்முனைச் சந்தையில், நோயாளியைப் பார்க்கப் போகின்றவர் அப்பிள் வாங்கும் காட்சியை அவதானித்தல் வேண்டும். அவர் பழத்தை முகர்ந்து பார்ப்பதில்லை. இருப்பவற்றுள் மிகச் சிவந்ததே பைக்குள் விழும். இத்தகைய தெரிவினாலேயே சுவையிழந்த இனமொன்று உண்டு. அதுவே 'ரெட் டெலிஷஸ்'.

1870களில், ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஜெஸ்ஸி ஹயற் என்னும் விவசாயியின் தோட்டத்தில் வரிசை தப்பி முளைத்த கன்று அது. அவர் வெட்டினார், அது மீண்டும் துளிர்த்தது என்பர். 1890களில் ஸ்ரார்க் சகோதரரின் நாற்றுப்பண்ணை உரிமை பெற்று அதனைப் பரப்பிற்று. ஆதியில் அது முழுச் சிவப்பன்று. மஞ்சள்மீது சிவப்புக் கீற்றுகள், அடியில் ஐந்து சிறு மேடுகள், புளிப்புக் குறைந்த இனிப்பு, நல்ல மணம். பின்னர், ஏதேனும் ஒரு கிளையில் தற்செயலாகக் கடுஞ்சிவப்புத் தோன்றிய போதெல்லாம் அக்கிளையையே ஒட்டுக்கட்டினர். தோல் தடித்தது. முற்றுமுன்னரே பழம் சிவந்தமையால் வேளைக்கே பறித்தனர். இனிப்பும் மணமும் குன்றின.

இவ்வினத்தைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு ஜப்பானில் உருவாகி, 1962இல் பெயர் சூட்டப்பட்டது 'பியூஜி'. மங்கிய நிறம், இனிப்பிலோ ரெட் டெலிஷஸை வென்றது. கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.

"கொஞ்சம் சிவப்பாப் பாத்து எடுங்க காக்கா" என்கிறார் வந்தவர்.