விளக்கு எண்ணெய் பட்ட பிரேக்

ஓம் முருகா.

போன சனிக்கிழமை விடியற்காலை அபிஷேகத்துக்கு மவுண்டன் பைக்கில் வந்தேன். சிராங்கூன் ரோட்டில், தேக்கா பூக்கடைப் பக்கம், வயசான அம்மா ஒருத்தங்க அர்ச்சனைத் தட்டோடு குறுக்கே வந்தாங்க. பிரேக்கை முழுசா பிடிச்சேன். கீச்சுன்னு சத்தம்தான், வண்டி நிக்கல. காலை ஊன்றி ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினேன். "பரவாயில்ல தம்பி"ன்னு போயிட்டாங்க. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கல.

வீட்டில் பார்த்தேன். லீவர் தொளதொளன்னு இருந்தா ஆயில் லைனில் காற்று. கெட்டியா இருந்தும் பிடிக்கலைன்னா, பெரும்பாலும் டிஸ்க்கில் எண்ணெய். வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்கு துலக்கின கையோட டியூப் மாத்தினேன். அப்பவே டிஸ்க்கையும் தொட்டிருக்கேன். ஃபேக்டரியில் பையன்களைத் திட்டுற அதே தப்பு!

டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சேன். பேட் எண்ணெயை உறிஞ்சிட்டா தேறாது, புதுசு போட்டேன். காலி இடத்தில் ஓட்டி, வேகம் குறையுற வரை பிடிச்சுப் பிடிச்சு விட்டேன். இருபது தடவைக்கு அப்புறம்தான் பிடி வந்தது.

தொண்டுக்கு சைக்கிளில் வர்ற தம்பிகளே, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வண்டியைத் தொடுங்க. கிளம்பும்போது பிரேக்கை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. அன்னைக்கு முருகன் காப்பாத்தினான். தினமும் அவன் தலையில் கட்டக் கூடாது.

முருகா சரணம்.