திரியும் பால், தெளியும் பால்

குருவிகுளத்திலிருந்து மதுரைக்குப் போய் கீமோ போட்டுக்கொண்டு வரும் ஆச்சிக்கு ஒரே கேள்விதான். "ஏட்டி, கட்டி ஒரு எடத்துலதான இருக்கு? முடி என்ன பாவம் பண்ணுச்சு?"

கெமிஸ்ட்ரி படிக்கும் பேத்தி திருப்பிக் கேட்டாள். "ஆச்சி, பால்ல எலுமிச்சை பிழிஞ்சா?"

"திரிஞ்சு போகும்."

"புளிப்பு சேர்த்தா தெளியுற பால் ஒண்ணு இருக்கு."

ஆச்சி நம்பவில்லை. ஆனால் விஷயம் நிஜம்தான். முட்டை மஞ்சள்கருவில் இருப்பது போன்ற கொழுப்பைத் தண்ணீரில் கலக்கினால் லிப்போசோம் என்ற நுண்ணிய பைகள் உண்டாகும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் தண்ணீர் பால் போலத் தெரியும். 1984-ல் ஸெகி, டிரெல் என்ற இருவர் இதோடு ஒரு பாலிமரைக் கலந்து பார்த்தார்கள். பெயர் பாலி எத்தில்அக்ரிலிக் அமிலம் (பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள்!). பிஎச் 7.4-ல் ஒன்றும் ஆகவில்லை. 6.5 அளவுக்கு இறங்கியதும் பைகள் உடைந்தன, கலங்கல் தெளிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பாலிலும் காரணம் ஒன்றுதான். பாலில் உள்ள கேசின் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. புளிப்பு அந்தச் சுமையைத் தணித்ததும் ஒட்டித் திரிகின்றன. அந்தப் பாலிமர் சங்கிலியும் எதிர்மின்சுமையால்தான் தண்ணீரில் விரிந்து கிடக்கிறது. சுமை போனதும் சுருண்டு, தண்ணீரைவிட்டு விலகி எண்ணெய்ப்பசையைத் தேடுகிறது. பக்கத்தில் இருக்கும் எண்ணெய்ப்பசை லிப்போசோமின் சவ்வு. அதற்குள் புகுந்து, ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சின்னத் துணுக்குகளாக அதை உடைத்துவிடுகிறது.

ஆச்சியின் கேள்விக்கு வருவோம். ரத்தத்தின் பிஎச் 7.4. புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி அமிலம் கொஞ்சம் கூடுதல், பெரும்பாலும் 6.5-க்கும் 7-க்கும் இடையில். மருந்தைப் பைக்குள் வைத்து அனுப்பினால், புளிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் அது உடையுமா? வித்தியாசம் ரொம்பக் குறைவு, அதுதான் சிக்கல். செல் பையை விழுங்கிய பிறகு அது போய்ச் சேரும் அறையில் பிஎச் 5, 6 வரை இறங்கும். அங்கே வாய்ப்பு அதிகம்.

இந்தப் பாலிமர் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில், பாலிமர் போர்த்திய லிப்போசோம்தான். அதில் முடி கொட்டுவது குறைவு. ஆனால் அந்தப் போர்வை உடலின் காவல் செல்களிடமிருந்து ஒளிவதற்கு, புளிப்பில் உடைவதற்கு அல்ல. அங்கே அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 2012-ல் இந்தியாவின் சன் பார்மா தயாரித்த மருந்தை இறக்குமதி செய்துகொண்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட ஆச்சி, "எனக்குப் போடுதது அதானாட்டி?" என்றாள்.

"இல்ல ஆச்சி."

ஆச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் பாலுக்கு உறை ஊற்றினாள்.