நிறுத்திவிட்டுத் தொடுவோம்

பொழுது புலர்வதற்குள் ஸ்கூடாய்ச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்களும் தொழிற்சாலைப் பேருந்துகளும் நிறைந்துவிடுகின்றன. தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்வோரின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. அவர்களுள் பலர் நாள் முழுவதும் நின்று உழைக்கும் இடம், கன்வேயர் எனப்படும் நகரும் பட்டையின் ஓரமாகும்.

பெட்டிகளைச் சுமந்து ஊர்ந்து செல்லும் அந்தப் பட்டையைக் காண்பவருக்கு அச்சம் எழுவதில்லை. ஆனால், பட்டை உருளையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஆபத்து காத்திருக்கிறது. அந்த இடுக்கில் விரல் நுனியோ கையுறையோ தளர்ந்த சட்டைக் கையோ அகப்பட்டால், இயந்திரம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பட்டை ஒன்று விநாடிக்கு 1 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஆபத்தை உணர்ந்து கையை அசைக்க மனிதனுக்குக் கால் விநாடியாவது ஆகும். அதற்குள் பட்டை 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை பெரியவரின் கை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான்.

இத்தகைய விபத்து அக்கறையுள்ள தொழிலாளியையும் விட்டுவைப்பதில்லை. பெட்டி ஒன்று சிக்கிக்கொள்கிறது. பட்டையை நிறுத்தினால் உற்பத்தி தடைபடும், மேற்பார்வையாளர் கடிந்துகொள்வார். 'ஒரு நொடி வேலைதானே' என்று கை நீள்கிறது.

பட்டையை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, விசையைப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பழுது பார்ப்பதே முறையாகும். விவரம் அறியாத வேறொருவர் இயந்திரத்தை முடுக்கிவிடாமல் அந்தப் பூட்டு தடுக்கும். துப்புரவுக்காகக் கழற்றிய காப்புத் தகட்டை மீண்டும் பொருத்திய பின்னரே பட்டை ஓட வேண்டும்.

இப்பொறுப்பு தொழிலாளியை மட்டும் சார்ந்ததன்று. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். உடனடி ஆபத்தை முதலாளி நீக்கத் தவறினால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை 2024 ஜூன் 1 முதல் தொழிலாளிக்கு உண்டு. வேலையில் காயமடைந்த சந்தாதாரருக்குச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சிகிச்சையும் உதவித்தொகையும் வழங்குகிறது. எனினும், இழந்த விரலை எந்த உதவித்தொகையும் மீட்டுத் தராது.

மாலையில் வீடு திரும்பும் அந்தக் கைகளுக்காகப் பிள்ளைகள் வாசலில் காத்திருக்கிறார்கள். சிக்கிய பெட்டி ஐந்து நிமிடம் காத்திருந்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.