குற்றமும் கணக்கும்

நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு நீள்கவிதையைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். கொலைகள் பெருகிப்போன தேசத்தில் தான் ஒரு சாட்சியாக நின்றுகொண்டிருப்பதாகக் கவிதை தொடங்குகிறது. பெருகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கவிஞனிடம் புள்ளிவிவரம் கேட்கிற விமர்சகனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் பெருகுதல் என்பது எண்ணிக்கையைக் குறிக்கும் சொல். அச்சொல்லைப் போட்டது அவர், நானல்ல.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் 'கிரைம் இன் இந்தியா' தொகுதிகளைச் சில வருஷங்களாக நான் படித்துவருகிறேன். (இவ்வட்டத்தில் இதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாள் முழுவதும் பாங்கில் பத்தி பத்தியாக எண்களைப் பார்த்துவிட்டு இரவிலும் அதையே பார்க்கிறவனிடம் கலை பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.) முதல் தொகுதி 1953-க்கு உரியது, காப்பகம் என்ற ஸ்தாபனம் பின்னால், 1986-ல் வந்தது. இத்தொகுதிகளின்படி 1992-ல் இந்தியாவில் பதிவான கொலைகள் 40,105. லட்சம் பேருக்கு 4.6. முப்பது வருஷங்கள் கழித்து 2022-ல் 28,522, லட்சத்துக்கு 2.1. விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. நம் தினசரிகளையும் சினிமாவையும் கவிதைகளையும் மட்டுமே நம்பி வாழ்கிறவன் இதற்கு நேரெதிரானதைத்தான் சத்தியம் செய்து சொல்வான்.

கொலைக் கணக்கை நான் ஓரளவு நம்புகிறேன். பிணம் கிடக்கிறது. அதன்மேல் ஏதாவது ஒரு காகிதம் எழுதித்தான் ஆகவேண்டும். மற்ற குற்றங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவை யாரேனும் வந்து சொன்னால்தான் உண்டு. சொன்னதை யாரேனும் எழுதிக்கொண்டால்தான் உண்டு. ஆகவே அத்தொகுதிகளில் மேலும் கீழுமாகப் போகும் கோடு எதைக் குறிக்கிறது என்பதில்தான் சங்கடம்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேசமே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த வருஷம். திருட்டும் வழிப்பறியும் அவ்வருஷம் குறைந்தன. ஆனால் மொத்தக் குற்றவிகிதம் லட்சத்துக்கு 385.5-லிருந்து 487.8-க்கு ஏறியது. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188-ஆவது பிரிவில் 2019-ல் பதிவானவை 29,469, 2020-ல் 6,12,179. டீ குடிக்கத் தெருமுனைக்கு வந்தவன், மாத்திரை வாங்கப் போனவன், முகமூடி மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தவன் எல்லோருமாகச் சேர்ந்து தேசத்தின் குற்றச் சிகரத்தை எழுப்பினார்கள். நூறு வருஷங்கள் கழித்து இக்கோட்டை மட்டும் பார்க்கும் ஒரு சரித்திராசிரியன் 2020-ல் இந்தியாவில் கலகம் மூண்டது என்று எழுதக்கூடும்.

2012-க்கும் 2013-க்கும் இடையில் டெல்லியில் பதிவான பலாத்கார வழக்குகள் 706-லிருந்து 1,636 ஆயின. ஒரே வருஷத்தில் டெல்லி ஆண்கள் இரண்டு மடங்கு கெட்டுப்போனார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பின் பெண்கள் ஸ்டேஷன் படியேறினார்கள்; சட்டத்தின் வரையறை விரிந்தது; எழுத மறுத்தவன் எழுதப் பயந்தான், அதாவது எழுதாமலிருக்கப் பயந்தான். இந்த உயர்வைப் பார்த்து வருந்துவதா சந்தோஷப்படுவதா? லட்சத்துக்கு இத்தனை என்ற பட்டியலில் கேரளம் வருஷாவருஷம் மேலே நிற்கிறது, பீகார் கீழே நிற்கிறது. பத்திரிகைகள் அதை அப்படியே தலைப்பாக்குகின்றன. குற்றம் அதிகரிப்பது வேறு, பதிவு அதிகரிப்பது வேறு என்று காப்பகமே தொகுதியின் முன்பகுதியில் எச்சரிக்கிறது. முன்னுரை படிக்கும் பழக்கம் நம்மிடம் எப்போது இருந்தது?

இன்னொரு விதியும் உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் நாலு குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானதை மட்டும் எண்ணுவார்கள். வீட்டுக்குள் புகுந்து, அடித்து, திருடி, கொன்றால் அது ஒரு கொலை. மற்றவை அதற்குள் கரைந்துபோகும். நாவலைப் படித்துவிட்டு 'கரு' என்ன என்று மட்டும் கேட்கும் நம் பேராசிரியர்களின் முறைதான் இது.

பெல்ஜியத்து க்வெட்லே என்பவர் 1830-களில் பிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளை வைத்துக்கொண்டு, வருஷந்தோறும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் குற்றங்கள் நிகழ்வதைக் கண்டு பிரமித்துப்போனார். வானசாஸ்திரி அவர். கிரகங்களின் ஒழுங்கை மனிதர்களின் கீழ்மையிலும் கண்டுவிட்டதாக நினைத்தார். ஆனால் புத்திசாலி. நமக்குத் தெரியவந்த குற்றங்களுக்கும் நிகழ்ந்த குற்றங்களின் அறியமுடியாத மொத்தத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்று கொண்டால்தான் இக்கணக்குக்கு அர்த்தம் உண்டு, இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்று அவரே சொல்லிவைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கணக்கை எடுத்துக்கொண்டார்கள், நிபந்தனையை விட்டுவிட்டார்கள். அந்த விகிதம் மாறாமல் இருப்பதும் மாறுவதும் எங்கே தீர்மானமாகிறது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வதற்குக் காரணம், ஒரு தடவை அது என் கையில் இருந்தது.

2022 ஏப்ரலில் என் அக்கா மாலை ஆறரை மணிக்குக் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இரண்டு பேரில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் கழுத்திலிருந்த மூன்று பவுன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனான். அக்கா விழுந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு ஒரு சிவந்த கோடு. அத்தான் வெளியூரில் இருந்தார். நான் அவளை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது அவசியமில்லை.

ஸ்டேஷனில் எழுதும் வேலை பார்ப்பவரை ரைட்டர் என்றுதான் சொல்கிறார்கள். மரியாதையானவர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஸார் பாங்க்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. பறிச்சுட்டான்னு போட்டா கேஸாயிடும். அம்மா கோர்ட்டுக்கு வரணும், அடையாளம் காட்டணும். அவனுங்க வெளியூர்க்காரனுங்க. காணோம்னு எழுதிக் குடுங்க, ரசீது போட்டுத் தரேன். நாங்க தேடாமலா இருக்கப்போறோம்" என்றார்.

வெள்ளைத் தாளை என்னிடம்தான் நீட்டினார். குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான். வாடிக்கையாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை வேறு. அக்கா சொன்ன வாக்கியத்தில் எழுவாய் ஒரு மனிதன்: பின்னால் உட்கார்ந்திருந்தவன், கட்டம் போட்ட சட்டை. பறித்தான் என்பது பயனிலை. நான் எழுதிய வாக்கியத்தில் எழுவாய் சங்கிலி. கடைத்தெருவிலிருந்து வரும் வழியில் கழுத்திலிருந்த சங்கிலி காணாமல் போய்விட்டது. இலக்கணப் பிழை இல்லை. பொய் என்றுகூடச் சொல்லமுடியாது, காணாமல்தான் போயிருந்தது. அதற்கு நாலு மாதம் முன்பு இதே போன்ற பத்திரிகை ஒன்றில், ஒரு நாவலாசிரியர் தம் பாத்திரங்களின் செயல்களையெல்லாம் 'நிகழ்ந்துவிட்டன' என்று எழுதிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று நான் கடுமையாக எழுதியிருந்தேன். அது ஸ்டேஷனில் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வந்தது.

அக்கா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். தம்பி எழுதியதாயிற்றே.

சி.எஸ்.ஆர். எண் போட்ட ரசீது கிடைத்தது. அதன் பொருள் மனு வந்திருக்கிறது என்பது மட்டுமே. முதல் தகவல் அறிக்கை அல்ல. வழக்கு எண் இல்லாத ஒன்று மாவட்டக் கணக்குக்குப் போகாது, மாநிலக் கணக்குக்குப் போகாது, டெல்லிக்கும் போகாது. 2023 டிசம்பரில் 2022-ன் தொகுதி வெளிவந்தது. மொத்தக் குற்றங்கள் 58,24,946. முந்தைய வருஷத்தைவிடச் சுமார் நாலரை சதவீதம் குறைவு, லட்சத்துக்கு 445.9-லிருந்து 422.2. (அந்த லட்சமும் உத்தேசம்தான். 2021-ல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் வகுக்கும் எண் ஒரு மதிப்பீடு.) இந்த இறக்கத்தில் பெரும்பகுதி கொரோனா வழக்குகள் வடிந்ததால் வந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதில் ஒன்று என்னுடையது. என்னைப்போல் எத்தனை தம்பிகள் எத்தனை ஸ்டேஷன்களில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று யாரிடம் கேட்பது?

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலிருந்து தெரிந்தால் பதிவு செய்தே ஆகவேண்டும், அதிகாரிக்கு அதில் விருப்ப உரிமை இல்லை. ஆனால் தகவலிலிருந்து தெரியவேண்டும். நான் எழுதிய தகவலில் குற்றமே இல்லை. ரைட்டர் சட்டத்தை மீறவில்லை. மீறவேண்டிய அவசியத்தை நான் அவருக்கு வைக்கவில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் 2014-ல் போலீஸ் ஆய்வுத் துறையினர் சோதித்துப் பார்த்தபோது, போலீஸிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் குற்றமாகப் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. போலீஸ் பதிவுகளுக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற அந்தஸ்தையே அவ்வருஷம் எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேறொரு அளவுகோல் இருந்தது: 1982-லிருந்து வீடு வீடாகப் போய் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஜனங்களையே கேட்கும் கணக்கெடுப்பு. ஸ்டேஷன் வாசலைத் தாண்டாத குற்றமும் அதில் வரும். நம்மிடம் தேசிய அளவில் அப்படித் தொடர்ந்து கேட்பவர் இல்லை. நம் கோடு ஒன்றே ஒன்றுதான்; அதை ஒத்துப்பார்க்க இன்னொரு கோடு கிடையாது. பாங்கில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்திருந்தாலும் ஒத்துப்போகும் என்பது அங்கே பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். இங்கே இரண்டாவது பக்கமே இல்லை.

1860-ன் தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் 304-ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. பழைய சட்டத்தில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. திருட்டிலோ வழிப்பறியிலோ சேர்ப்பார்கள். நூற்றி அறுபது வருஷங்களுக்கு மேல் சட்டத்தில் இல்லாதிருந்த அந்த வினைச்சொல் அக்காவிடம் அன்றைக்கே இருந்தது. அதை அவள் என்னிடம்தான் சொன்னாள்.

நண்பரின் கவிதைக்கு வருகிறேன். முதல் வரியை அவர் அப்படியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அது சரியான வரி என்பதற்காக அல்ல. அவர் சொல்வது தவறு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கொலையைப் பொறுத்தவரை கணக்கு என் பக்கம். ஆனால் தொகுதியைத் தூக்கிக் காட்டி ஒருவரைத் திருத்துகிற தைரியம் எனக்கு இப்போது இல்லை.

அக்கா அந்த ரசீதைப் பீரோவில், சங்கிலி வாங்கியபோது கடையில் கொடுத்த சிவப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். பொங்கலுக்குப் போயிருந்தபோது, "அந்தக் கேஸ் என்னடா ஆச்சு?" என்றாள். மேலே அனுப்பியிருப்பார்கள் என்றேன்.