தொலைந்துபோகும் உரிமை

லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய, 1998இல் வெளிவந்த ‘தீஃப்’ என்னும் வீடியோ விளையாட்டில், காவலர் கண்ணில் படாமல் திருடுவதே திறமை. நிறுவனம் 2000இல் மூடப்பட்டது. ஆயினும் அது பொதுவில் விட்டுச்சென்ற ‘டிரோம்எட்’ என்னும் கருவியைக் கொண்டு ரசிகர்கள் இன்றும் புதிய களங்களை அமைத்துவருகின்றனர். அவற்றுள் சில, நகரின் ஒரு பகுதியையே திறந்துவைத்து, எங்கு முதலில் செல்வது என்பதை ஆடுபவரிடமே விட்டுவிடுகின்றன.

இத்தகைய களங்களை ஆடியவர்களுள் ஒருவர், கூரைவழியே ஒரு மாளிகைக்குள் இறங்கியதை மகிழ்ந்து விவரிப்பார். மற்றொருவர், ஒரு சாவிக்காக மணிக்கணக்கில் அலைந்து சலித்ததைச் சொல்வார். பின்னவரைப் பொறுமையற்றவர் என ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமன்று.

புனேயின் சதாசிவ பேட்டைச் சந்துகள் புதியவருக்குக் குழப்பம் தரும். அங்கு வாழ்பவருக்கோ ஓரிடத்திற்குப் பல வழிகள். அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால்தான் வழிகள் பெருகும். ‘தீஃப்’ விளையாட்டிலும் நிழல் மறைக்கும். உலோகத் தரை ஒலிக்கும். கம்பளம் காலடியோசையை அடக்கும். இவ்விதிகள் இலக்கணம் போன்றவை. எண்ணிக்கையில் சிலவே, அவற்றால் அமையும் வாக்கியங்களுக்கோ எல்லையில்லை. களம் இவ்விதிகளை வழுவாது காத்தால், வழி தவறுவதும் இன்பமாகும். சாவி இருக்கும் இடத்திற்கு ஒரு குறிப்பும் இல்லையெனில், பரப்பு எவ்வளவு விரிந்தாலும் அது சுதந்திரமாகாது.

ஆகவே, சலிப்பைச் சொல்பவர், பிழையான வாக்கியத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கும் தாய்மொழிப் பேச்சாளரைப் போன்றவர். களம் அமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது அவர் சொல்லைத்தான்.