பழைய நிக்கானும் பெரியப்பாவின் கர்ணனும்

இரண்டு கேமராக்களுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய கேமரா விற்கும் ஒரு கடையில், ஒரே கண்ணாடி அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று நிக்கான் டி700. 2008-இல் தொழில்முறைக்காரர்களுக்காக வந்தது, அமெரிக்காவில் அப்போது ஏறக்குறைய 3,000 டாலர். இன்னொன்று நிக்கான் டி5600. 2016-இல், படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்காக வந்தது, அங்கே ஏறக்குறைய 700 டாலர். வருடங்கள் ஓடியதில் இரண்டும் என்னிடம் இருந்த நாற்பதாயிரம் ரூபாய்க்குள் வந்து நின்றுவிட்டன.

நண்பர்களிடம் கேட்டால் இரண்டு பதில் வந்தது. "ப்ரோ பாடி ப்ரோ பாடிதான் மச்சி" என்றான் ஒருவன். "எட்டு வருஷ டெக்னாலஜிடா, லூசா நீ?" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கல்.

எனக்குக் கேமரா எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பா தெருக்கூத்துக்காரர். செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிற ஊர்களில் அவரைத் தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலாக 'கர்ண மோட்சம்' கூத்தில் கர்ணன் வேஷம் கட்டுகிறார். தை மாதம் ஒருநாள் போனில் சொன்னார்: "முட்டி இன்னா பண்ணாலும் கேக்க மாட்டேங்குதுடா. இந்த வருசத்தோட கர்ணன எறக்கி வெச்சிடறேன்."

அவர் கர்ணனாக நிற்கும் ஒரு நல்ல படம் வீட்டில் இல்லை. இருப்பதெல்லாம் செல்போன் படங்கள். கிரீடம் வெள்ளையாக வெடித்திருக்கும், முகம் கரித்திட்டாக இருக்கும். எங்கள் பக்கம் ஆள் போன பிறகுதான் படம் தேடுவார்கள். கல்யாண ஆல்பத்தில் பின்வரிசையில் நிற்கும் முகத்தை வெட்டியெடுப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஆதார் அட்டை. அந்தத் தம்மாத்துண்டு படம் எட்டடி ஃப்ளெக்ஸாகித் தெருமுனையில் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் கிரீடம் வைத்த மனிதருக்கு அப்படி ஆகக் கூடாது என்று தோன்றியது. ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு ராத்திரி. ரீடேக் கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் புதியதுதான் ஜெயிக்கும். டி5600-இல் 24 மெகாபிக்சல், டி700-இல் 12. புதியது 415 கிராம், பழையது 995 கிராம், அதுவும் பேட்டரி, லென்ஸ் இல்லாமல். புதியதில் திருப்பிப் பார்க்கும் தொடுதிரை உண்டு. எடுத்த படத்தைப் போனுக்குத் தானே அனுப்பும். வீடியோ எடுக்கும். பழையதில் வீடியோவே கிடையாது. கூத்து என்பது பாதிக்கு மேல் பாட்டும் வசனமும் என்பதால் இந்தக் குறை சாதாரணமானதில்லை.

ஆனால் மெகாபிக்சலை நான் ஒரு நிமிஷத்தில் தள்ளி வைத்தேன். டி700 படம் 4256-க்கு 2832 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 14-க்கு 9 அங்குலம் தாராளமாக வரும். பெரியப்பா வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே 12-க்கு 8 சட்டத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். டி700-இன் சென்சார் பழைய ஃபிலிம் சுருளின் ஒரு கட்டம் அளவு, ஏறக்குறைய 36-க்கு 24 மில்லிமீட்டர். டி5600-இன் சென்சார் 23.5-க்கு 15.6. பரப்பில் பழையது இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. மழை பெய்யும்போது வாசலில் தாம்பாளம் வைப்பதற்கும் கிண்ணம் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். கிண்ணம் எட்டு வருஷம் புதியது, ஒரு சொட்டையும் வீணாக்காது என்பதும் உண்மை. கடைக்காரரைக் கேட்டு, பின்னால் இருந்த குடோனில் ஒரு டியூப் லைட்டை மட்டும் விட்டுவிட்டு, இரண்டிலும் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்துப் பார்த்தேன். ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆனால் நிழலில் பழையது கொஞ்சம் சுத்தமாகவே இருந்தது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு பழைய 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 டி லென்ஸ் இருந்தது. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டும். டி700-இல் அந்த மோட்டார் உண்டு. டி5600-இல் இல்லை. மாட்டலாம், படம் எடுக்கலாம், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். சுழன்று ஆடுகிறவரை நடுராத்திரியில் கையால் துரத்துவது என்னால் ஆகாது.

இதற்கெல்லாம் மேல் என்னை அசைத்தது வேறு ஒன்று. நான் பத்து வருஷத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் வேலையில் பாதித் தலைவலி கண்ணுக்குத் தெரியாத ஸ்டேட்டிலிருந்து வரும். ஏதோ ஒரு மாறியில் யாரோ ஒரு மதிப்பை வைத்திருப்பார்கள், அது எங்கே என்று தெரியாமல் விடிய விடியத் தேடுவோம். டி700-இன் உடம்பே ஒரு ஸ்டேட் பட்டியல். ஃபோகஸ் எந்த முறையில் இருக்கிறது என்பதற்கு முன்னால் ஒரு நெம்பு. வெளிச்சத்தை எப்படி அளக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு வளையம். ஷட்டர் வேகமும் எஃப் எண்ணும் மேலே தனித் திரையில், பவர் சுவிட்சை இன்னும் கொஞ்சம் தள்ளினால் அதற்கு விளக்கு எரியும். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். டி5600-இல் இவற்றில் பலவும் மெனுவுக்குள் இருக்கின்றன. பின் திரை ஒளிர்ந்தால்தான் தெரியும். இருட்டில் திரை ஒளிர்ந்தால் ஆடுகிறவர் கண்ணிலும் படும், என் கண்ணும் ஒரு நொடி குருடாகும்.

இது டி5600-இன் குறை இல்லை. முடிவெடுப்பது என் வேலை, நீ கவலைப்படாதே என்று சொல்வதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். அதில் ஆட்டோ உண்டு, யார் கையில் கொடுத்தாலும் படம் வரும். அரைகுறை இருட்டில் ஆட்டோவில் வைத்தால் ஃபிளாஷ் தானே எழுந்துகொள்ளும். பிறந்தநாள் கேக்குக்கு அது போதும். டி700-இல் ஆட்டோ என்ற இடமே இல்லை. பிடித்திருப்பவனுக்குத் தொழில் தெரியும் என்று நம்பிச் செய்த பொருள். குழந்தை பிறக்கப்போகிறது, எதை வாங்கலாம் என்று அலுவலக நண்பன் கேட்டபோது யோசிக்காமல் டி5600 என்றேன். அந்த வீட்டில் அம்மாவும் தாத்தாவும்கூட அமுக்க வேண்டும். ஒருவர் மட்டுமே இயக்கத் தெரிந்த கேமரா இருக்கும் வீட்டில், எந்தப் படத்திலும் அந்த ஒருவர் இருக்க மாட்டார்.

நான் டி700-ஐ வாங்கினேன்.

கூத்தன்று ராத்திரி ஒரு மணிக்கு மேல் கர்ணன் வந்தான். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து குரல் மட்டும் முதலில் கேட்டது. முகவீணை ஏறியது. திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி தெரிந்தது. எஃப் 2, 250-இல் ஒரு பங்கு நொடி, ஐஎஸ்ஓ 3200. கட்டைவிரலால் எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். திரை விலகிய பிறகு திரும்பவும் கீழே பார்க்கவில்லை. பாட்டைத் தம்பி தன் போனில் பதிவு செய்தான். விடியும்போது கழுத்து விண்ணென்று வலித்தது.

விடிந்ததும் அரிதாரம் கலைக்கும் முன் பெரியப்பா பக்கத்தில் நான் நிற்க, தம்பியிடம் கேமராவைக் கொடுத்தேன். "எத அமுக்கணும்ணா?" என்றான். வந்த படத்தில் எங்களுக்குப் பின்னால் இருந்த மைக் கம்பம் மட்டும் துல்லியமாக இருந்தது. அவனே தன் போனை எடுத்து இன்னொன்று எடுத்தான். குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாரும் இதயம் போட்டது அந்தப் படத்துக்குத்தான்.

ஒரு மாதம் கழித்து 12-க்கு 8 பிரிண்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திரையைத் தாண்டி முதல் அடி வைக்கிற கர்ணன். முகத்தில் வேர்வை அரிதாரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும் கோடுகூடத் தெரியும். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிரீடம் எடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு" என்றார். "இத்தன வருசமா எவனும் சொல்லலியே."