செம்பட்டியிலிருந்து ஜித்தாவுக்கு

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, வத்தலக்குண்டு செல்லும் வழியில் அமைந்துள்ள சிற்றூர் செம்பட்டி. பழனி, நிலக்கோட்டைச் சாலைகளும் இங்கு வந்து கூடுகின்றன. இவ்வூரிலிருந்து ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய பயணக் கணக்கு ஒன்று உண்டு.

செம்பட்டியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். சாலை வழியே சுமார் எட்டு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து ஜித்தாவோ ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். பத்து மடங்கு தொலைவாயினும், நேரடி விமானம் சுமார் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. 1995-உடன் முடிவுற்ற பம்பாய்–ஜித்தா கப்பல் பயணத்தில் நம் முன்னோர் கடலில் கழித்த நாட்களை எண்ணினால், இது எத்துணைப் பெரிய வசதி என்பது விளங்கும். ஆகவே, முதியோருக்கு ஓய்வு தேவைப்படுவது விமானத்தில் ஏறும் முன்னர்தான். முதல் நாளே சென்னை சேர்ந்துவிடுவது நலம்.

அடுத்து, பயணச் சீட்டில் உள்ள மணியைக் கவனியுங்கள். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தால், ஜித்தாவில் அப்போது பிற்பகல் 1.30. சீட்டைப் பார்ப்பவருக்கு மூன்றரை மணிப் பயணம் போலவே தோன்றும். திரும்பும்போது ஐந்தரை மணி நேரமே பறந்தாலும், காலை 10 மணிக்கு ஜித்தாவை விட்டால் சென்னையில் மாலை 6 மணி ஆகிவிடும்.

போக ஆறு, வர ஐந்தரை என்பது ஏன்? குளிர்காலத்தில் உயர்வானில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வலுவாக வீசுகிறது. போகும் விமானத்தை அது தடுக்கும். வரும் விமானத்தை உந்தும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்திய உயர்வானில் காற்றின் திசை மாறுவதால் இந்த வேறுபாடு குறையும். ஹஜ் மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்வதால், பயண நேரமும் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இராது.

இக்கணக்கு தொழுகையையும் தொடுகிறது. மேற்கே போகும்போது பகல் நீள்கிறது. கிழக்கே திரும்பும்போது சுருங்குகிறது. மேற்சொன்ன திரும்பு பயணத்தில் லுஹரும் அஸரும் வானிலேயே வந்துவிடும். இறங்கிய பின் தொழலாம் என்றிருந்தால் அதற்குள் மஃரிப் நெருங்கிவிடும். எனவே ஒளுவுடன் ஏறுவதே பாதுகாப்பு. போகும்போதும், ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே விமானம் மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். இஹ்ராம் துணியைச் சென்னையிலேயே உடுத்திக்கொண்டு, அறிவிப்பு வரும்போது நிய்யத் வைக்க ஆயத்தமாக இருங்கள். துணியைப் பெட்டிக்குள் வைத்துச் சாமான்களோடு அனுப்பிவிட்டால், அந்த உயரத்தில் அது கைக்கு எட்டாது.